திகதி போடப்படாத காலை

பேர்ணடெற், கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனிக் கந்தோரில் தட்டெழுத்தாளர். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஜனவரி கடைசி நாள், காலை பத்தரை மணிபோல, கந்தோர்ப் பணியாள் நாகமணியைக் கூப்பிட்டாள்.

"கீழ போனா எனக்கொரு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாங்கோ."

நாகமணி ஹற்றன் தோட்டத்திலிருந்து வந்தவர். "சரிங்கம்மா" என்று பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கிப் போனார். சற்று நேரத்தில் தெருவில் குண்டு வெடித்தது.

வெடித்த சத்தம் அவளுக்கு நினைவில்லை. காது அடைத்துப்போயிருந்தது. யன்னல் இருந்த இடத்தில் ஆகாயம் இருந்தது. ஆகாயம் நிறையக் காகிதங்கள். எத்தனையோ கந்தோர்களின் கடிதங்கள் வெயிலில் மிதந்து, ஒன்றையொன்று தொடாமல், அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. அழகாக இருந்தது. அதைப் பிறகு யாரிடமும் சொல்ல அவளுக்கு வெட்கமாயிருந்தது. யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப் போகும்வரை கதிரையை விட்டு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாகமணி திரும்பி வரவில்லை.

அவளுக்கு நெற்றியில் நாலு தையல் மட்டும்தான். ஆனால் அவர்கள் இருந்த கொட்டாஞ்சேனை வீட்டில், துறைமுக லொறிகள் போகும்போதெல்லாம் கண்ணாடிகள் அதிர்ந்தன. அவளோ ஒவ்வொரு அதிர்வுக்கும் சுவரோரம் ஒதுங்கினாள். கணவர் ஸ்ரனிஸ்லாஸ் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டோடு ஒட்டிய சின்ன அனெக்ஸை வாடகைக்கு எடுத்து அவளைக் கூட்டி வந்தார்.

அங்கே வேறொன்று தொடங்கியது. வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள், சுவர் மெல்ல வெளுக்கும். பக்கத்து வீட்டு ரேடியோ தூரத் தூரப் போகும். கைகள் பஞ்சாகி வேறு யாருடையவோ ஆகும். காகிதங்கள் இறங்கத் தொடங்கும். அந்த நேரம் பயமே இராது. திரும்பி வரும்போதுதான், சோறு கரிந்த மணத்தோடு, பயம் வரும்.

"கூப்பிடக் கூப்பிட எங்கயப்பா போறனீர்?" என்று ஸ்ரனிஸ்லாஸ் கேட்பார். பக்கத்து வீட்டாரோ அவளை நல்ல அமைதியான மனிசி என்றார்கள்.

ஓகஸ்டில் ஒரு பின்னேரம் கடற்கரைக்குப் போகவென்று ரயில் பாதையைக் கடந்தாள். கடல் முழுக்க வெள்ளையாக மினுங்கியது. அவள் மறுபடி காகிதங்களுக்குள் போக அது போதுமாயிருந்தது, தண்டவாளங்களுக்கு நடுவில் நின்றுவிட்டாள். ரயில் ஊதியது கேட்டது, யாருக்கோ ஊதுவது போல. ஒரு பெண் ஓடி வந்து அவளை இடுப்போடு கட்டி இழுத்தாள். இருவரும் கற்களில் விழுந்தார்கள். பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காற்றை அறைந்துகொண்டு போயின.

"சாகவா போனீங்க?"

"இல்லை. நான்... இஞ்ச இருக்கேல்லை."

அந்தப் பெண் அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. கைப்பையில் தேடி ஒரு கராம்பு எடுத்து நீட்டினாள். "கடியுங்க."

காரம் நாக்கில் குத்தியது.

"இப்ப உங்கட கால் எங்க இருக்கு?"

"கல்லில."

"எப்பிடிக் கல்?"

"சுடுற கல்."

"கண்ணுக்கு என்ன தெரியுது?"

"உங்கட முழங்கையில ரத்தம்."

"அப்ப வந்திட்டீங்க" என்று அவள் சிரித்தாள்.

அவள் பெயர் பைறோஸா. பக்கத்து ஒழுங்கையில் சட்டை தைப்பவள். தொண்ணூறில் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, இரண்டு மணித்தியாலத்தில் வீட்டை விட்டு வந்த குடும்பம். "எனக்கும் ரெண்டு வருசம் இப்பிடித்தான். ஒரு டொக்டர் இருக்கார், வாங்க" என்றாள்.

டொக்டர் மஹ்ரூப் ஸ்ரனிஸ்லாஸையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு பேசினார். "உங்களுக்குப் பைத்தியமில்லை, மிஸிஸ். ஓடவும் ஏலாது, எதிர்க்கவும் ஏலாது எண்டா மூளை ஆளை மரத்துப்போக வைக்கும். அண்டைக்கு அது உங்களைக் காப்பாத்தத்தான் செஞ்சது. நடந்ததுக்குத் திகதி போட்டு வைக்கிற வேலையும் மூளைக்கு இருக்கு. அந்தக் காலைக்கு அது திகதி போடல்ல. அதாலதான் ஒவ்வொருக்கா வரேக்கையும் இண்டைக்கு நடக்கிற மாதிரி வருது."

"மருந்து இருக்கா, டொக்டர்?"

"நித்திரைக்குக் கொஞ்சம் தாறன். மிச்சம் நீங்க செய்யிறது. காலையில எழும்பி என்ன நாள், என்ன திகதி எண்டு வாயால சொல்லுங்க. சுவர் வெளுக்கத் தொடங்கினா ஏதாவது குளிர்ந்ததைத் தொடுங்க. மூச்சை உள்ள எடுத்ததை விட மெதுவா வெளிய விடுங்க. தினம் ஒரே நேரத்தில நடங்க, தனியப் போக வேணாம்."

அன்றிலிருந்து பின்னேரம் ஐந்து மணிக்குப் பைறோஸா வாசலில் வந்து நிற்பாள். ரயில் கடவையில் இரு பக்கமும் பார்த்து, "இல்லை, ரயில் இல்லை" என்று இருவரும் சத்தமாகச் சொல்லிக் கடப்பார்கள். அலை வரும்போது மூச்சை எடுத்து, அது நுரைத்துக் கரைந்து மணலில் இல்லாமற் போகும்வரை விடுவார்கள். சில நாள் அது உதவும். சில நாள் உதவாது; அப்போது பைறோஸா அவள் கையைப் பிடித்தபடி பக்கத்தில் இருப்பாள்.

ஒக்ரோபரில், மழைக்கு முந்திய ஒரு மங்கிய நாளில், பேர்ணடெற் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "குண்டு வெடிச்ச அண்டைக்கு எங்கட கந்தோர் நாகமணியைக் கீழ அனுப்பினது நான்தான்."

"என்னத்துக்கு?"

"தேத்தண்ணி வாங்க."

பைறோஸா அவள் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்: "நீங்க தேத்தண்ணிதானே கேட்டீங்க."

பேர்ணடெற் அன்றுதான் அழுதாள். சத்தம் போட்டு, மூக்கு வடிய, வறுத்த கடலை விற்பவர் திரும்பிப் பார்க்க அழுதாள். அன்றிரவே ஸ்ரனிஸ்லாஸிடமும் சொன்னாள். அவர் அவளருகில் வந்து இருந்தார்.

அடுத்த வருசம் பம்பலப்பிட்டியில் காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் வேலை கிடைத்தது. யன்னலை விட்டுத் தள்ளி, கதவுக்குப் பக்கத்து மேசையைக் கேட்டு வாங்கினாள். ஒரு நாள் வீடு திரும்புகையில், பஸ்ஸுக்குள் அந்தி வெளிச்சம் பரவியபோது, அவள் மறுபடி போய்விட்டாள். கூப்பிட ஒருவரும் இல்லை. கையில் இரும்புக் கம்பி குளிர்ந்தது. கம்பி, என்று நினைத்தாள். வெளியே ஒரு சப்பாத்துக் கடை. இன்று வியாழக்கிழமை.

"மல்லி, பஹினவா" என்று கொண்டக்டரிடம் சிங்களத்தில் சொல்லி இறங்கிக் காலி வீதியால் திரும்பி நடந்தாள்.

"ஏன் பிந்தினீர்?" ஸ்ரனிஸ்லாஸ் வாசலில் நின்றார்.

"எங்கட பஸ் ஹோல்ட்டைத் தாண்டி இறங்கிட்டன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "எத்தினை ஹோல்ட்?"

"ஒண்டுதான்."