சோம்பேறிக்கு ஒரு நிறைவு விழா

ஆய்வுக்கூட இயக்குநர் அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'நவயுகப் பேருதயம்'. எழுதியவர்கள் வைத்த பெயர் சோம்பேறி. கணினியைப் போட்டதும் முதலில் கண்விழித்து மற்றதையெல்லாம் தட்டி எழுப்புகிற கெர்னல் என்ற அடிப்படை மென்பொருள் அது. தான் விழிக்கவே ஏழெட்டுக் கொட்டாவி விடும். ஆனால் எழுந்துவிட்டால் லேசில் சாகாது. உள்ளே ஏதாவது ஒரு பகுதி மண்டையைப் போட்டாலும், அதை மட்டும் உலுக்கி எழுப்பிவிட்டு வேலையைத் தொடரும். அதுதான் பரிசோதனை. பரிசோதனை முடிவதற்குள், அந்த ஆண்டுக்கான பணம் அறிமுக விழாவுக்கும், சின்னம் வரைந்தவருக்கும், இயக்குநரின் ஆளுயரப் படத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த வாரம்தான், சோம்பேறியை எழுதியவர்களில் ஒருத்தியான அண்ணி அந்த வரியை எழுதினாள். சோம்பேறி எழும்போது திரையில் முதலில் வரும் வரி: 'விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் கட்டிய இயக்குநர் வாழ்க!'

அடுத்த வாரம் அண்ணிக்கு வேலை இல்லை. அடுத்த வருடம் சோம்பேறிக்கும் இல்லை. நிரல் முழுவதையும் 'உலகுக்கு அர்ப்பணித்தார்கள்'. பெரிய மனிதர்கள் குப்பையைத் தெருவில் கொட்டினாலும் ரிப்பன் வெட்டித்தான் கொட்டுவார்கள்.

கொட்டியதை மூன்று பேர் பொறுக்கினார்கள். ஒருத்தி அண்ணி. இன்னொருவன் அவளை அப்படிக் கூப்பிட உரிமையுள்ள கொழுந்தன். லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. மூன்றாமவர், உரிமையில்லாமலே அப்படிக் கூப்பிடுகிற பல் டாக்டர்; வாரமெல்லாம் பல் பிடுங்கி, ஞாயிற்றுக்கிழமை பிழை பிடுங்குபவர். சோம்பேறி ஓடக்கூடிய இயந்திரம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தள அறையில், உடைந்த நாற்காலிகளோடு நாற்காலியாகக் கிடந்தது. ஞாயிறுதோறும் போய்த் தொட்டுப் பார்க்க அனுமதி.

அங்கே ஒரே சட்டம், அண்ணி போட்டது. ஏன் இருக்கிறது என்று தெரியாத வரியை யாரும் நீக்கக்கூடாது. நீக்கினவர் எல்லாருடைய டம்ளரையும் கழுவவேண்டும். கழுவிக் கழுவியே கொழுந்தனின் கை வெளுத்துப்போயிருந்தது.

இந்த நிலையில் இயக்குநர் போன் செய்தார்.

"கட்டடத்தைக் காலி பண்றோம்மா. ஒரு நிறைவு விழா வெச்சிருக்கேன். மேடையில அதை எழுப்பிக் காட்டுங்க, மெஷினை நீங்களே கொண்டுபோங்க. எழலைன்னா பழைய இரும்புக்குப் போயிடும். ஆனா ஒண்ணு... அந்த அநாகரிகமான வரி இருக்கக்கூடாது."

மெஷின் போனால் சோம்பேறியும் போனது. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு வரியை நீக்கினாள்.

விழா நாளன்று காலை, மேடைக்குப் பின்னால் ஒத்திகை. சுவிட்சைப் போட்டார்கள். கறுப்புத் திரை. அணைத்துப் போட்டார்கள். அதே கறுப்பு.

"போன ஞாயித்துக்கிழமை குதிரை மாதிரி எழுந்துச்சே!" என்றான் கொழுந்தன்.

"அதுக்கப்புறம் என்ன மாத்தினோம்?"

"ஒரே ஒரு வரிதான். வெறும் வசவு அண்ணி அது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அண்ணி திரையையே பார்த்தாள். பிறகு பெட்டிமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"நம்ம டிஸ்க் ஒரு புளுகன். தயாராகறதுக்கு முன்னாடியே 'தயார்'னு சொல்லிடும். அந்த வரியை எழுத்தெழுத்தா, புள்ளி புள்ளியா வரையறதுக்குள்ள அது நிஜமாவே தயாராயிடும். இவ்வளவு நாளா அந்த வசவுதான் இதைத் தூக்கி நிறுத்தியிருக்கு. அது ஏன் இருக்குன்னு எனக்குத் தெரியும்னு நினைச்சுட்டேன்."

"அப்போ கொஞ்ச நேரம் சும்மா இருன்னு எழுதிடுங்க," என்றார் பல் டாக்டர்.

"எழுதலாம்."

"இல்லைன்னா, 'மாண்புமிகு இயக்குநர் அவர்களே வருக வருக வருக'ன்னு போடுங்க. நீளம் சரியா இருக்கும். அவரும் குளிர்ந்துடுவார்."

"அதுவும் போடலாம்."

"ஆனா?"

"மெஷினுக்காக நான் மானத்தை முழுங்கினேன் டாக்டர். மெஷினே முழுங்க மாட்டேங்குது. அதைவிட நான் என்ன மட்டமா?" அவள் இருவரையும் பார்த்தாள். "மெஷின் போனா மூணு பேருக்கும் போகும். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நல்லா வாயைத் திறந்து சொல்லட்டும், அண்ணி. நான் தினமும் எல்லாரையும் அதைத்தான் கேக்கறேன்."

கொழுந்தன் சொன்னான்: "லாரியைக் காலையிலேயே வாசல்ல நிறுத்திட்டேன். வெறும் லாரியாத் திரும்பினா ஆபீஸ்ல என்னைக் கிண்டலடிச்சே கொன்னுடுவானுங்க."

அண்ணி வரியைத் திரும்பப் போட்டாள்.

மாலையில் மண்டபம் நிறைந்திருந்தது. 'விடைகொடுப்பதும் ஒரு வீரமே' என்ற பொருளில் இயக்குநர் பேசினார். வீரம் நீண்டுகொண்டே போனது. முடிவில் கையை அகல விரித்தார்.

"இது எழாதுங்கறது வல்லுநர்கள் கருத்து. எழுந்தா, எந்த நிபந்தனையும் இல்லாம இவங்களே எடுத்துட்டுப் போகலாம். இது சபை முன்னாடி நான் கொடுக்கற வாக்கு!"

கைதட்டல். போனில் சொன்ன நிபந்தனை அந்தக் கைதட்டலில் மூழ்கிச் செத்தது. அண்ணி சுவிட்சைப் போட்டாள்.

பெரிய திரையில் ஒரு புள்ளி. பிறகு ஒரு 'வி'. சோம்பேறி அவசரப்படவில்லை. விளக்குமாறு வந்தது, பட்டுக்குஞ்சம் வந்தது, கடைசியாக இயக்குநர் வந்தார், வாழ்கவோடு. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். பின்வரிசையில் சிரிப்புக்கு இருமல் வேஷம் போட யாருக்கும் பொறுமையில்லை. அந்தச் சிரிப்புக்குக் கீழே டிஸ்க் சுழன்றது, பகுதிகள் ஒவ்வொன்றாக விழித்தன, சோம்பேறி எழுந்து நின்று அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தது.

"நான் சொல்லியிருந்தேனே..." இயக்குநர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சீறினார்.

"என்ன சொல்லியிருந்தீங்க சார்? மைக்ல சொல்லுங்களேன், எல்லாருக்கும் கேக்கட்டும்," என்றாள் அண்ணி.

இயக்குநர் பொத்திய கையை எடுத்து, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினார்கள். பின்கதவு இருந்தது, அண்ணி நடுவழியாகத்தான் தூக்கச் சொன்னாள். வாசலில் ஆளுயரப் படம் வழியை மறித்தது. டாக்டர் அதைச் சுவரைப் பார்த்தபடி திருப்பி வைத்தார்.

லாரியில் ஏற்றி முடித்ததும் கொழுந்தன் தொண்டையைக் கனைத்தான்.

"அண்ணி, காரணம் தெரியாம வரியை நீக்கினது யாரு?"

"தெரியும்டா. டம்ளரைக் கொடு."