புளியம்பூச் செருப்பு

சூர்யகலாவின் செருப்பு தரையில் படாது. நான்கு விரற்கடை உயரத்தில் நிற்கும், அவள் அதன்மேல் நடப்பாள். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சாக்கு விரித்து விற்பவனிடம் வாங்கிய ரெக்சின் செருப்புதான். மழைக்காலத்தில் தெருவில் சாக்கடை பொங்கினால் மற்றப் பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துத் தத்தித் தத்திப் போவார்கள், அவள் கைவீசிப் போவாள். யாராவது இதைப் பறப்பது என்றால் அவளுக்குக் கோபம் வரும். பறப்பதற்கெல்லாம் அவளுக்கு ஏது நேரம்?

கோபம் அவளுக்குப் புதிதல்ல. கணவனின் அண்ணன் சந்திரமோகன் பட்டு வியாபாரி. அவன் தரும் பாவு நூலில்தான் அவள் வீட்டுத் தறியில் நெய்தாள். புளியம்பூவைப் பார்த்துப் பார்த்து, தானே வரைந்து, தறிக்கு டிசைன் அட்டை வெட்ட வைத்து ஒரு சேலைக்குப் பார்டர் போட்டாள். அந்தச் சேலையைச் சந்திரமோகன் சென்னையில் பெரிய டிசைனர் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்தான். மறு வருஷம் அதே புளியம்பூ, அந்தக் கம்பெனியின் பெயரோடு, செருப்பில் வந்தது. அவன் மனைவி ஸ்வர்ணலதா ஒரு ஜோடி வாங்கிவந்து, காலை நீட்டிக் காட்டி, "இது மாதிரி இந்தியாவுலயே கெடயாது கலா" என்றாள். பெற்ற பிள்ளையை அடுத்தவள் இடுப்பில் பார்த்ததுபோல் இருந்தது சூர்யகலாவுக்கு. அத்தனையும் அவள் கண்ணும் விரலும் போட்டது. அவள் பெயரைச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

அன்று சாயங்காலமே ரெக்சின் செருப்பு வாங்கினாள். பார்டர் சரியாக விழுகிறதா என்று பார்க்க முதலில் நெய்த முழத்துண்டு பெட்டியில் கிடந்தது. அதை வெட்டி, பசை தடவி, வார்மேல் ஒட்டி, ஓரத்தில் வளையல் கடைக் கல் பதித்தாள். ஒரு விஷயத்தை மட்டும் மறந்துபோனாள். அந்த வீட்டில் தறியிலிருந்து பட்டுத்துணியை அறுத்தால் மடியில்தான் வாங்குவார்கள், தரையில் படவிட மாட்டார்கள். மனிதர்கள் மறந்தாலும் பட்டுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. காய்ந்ததும் செருப்பு மெல்ல எழும்பி நின்றது. சூர்யகலா ஏறி நின்று பார்த்தாள், தாங்கியது, உலை வைக்கப் போனாள்.

சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போனாள். அவள் மிதந்து வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்வர்ணலதா மட்டும் பந்திக்கு நடுவே கத்தினாள்: "பாருங்க, என் செருப்பைப் பாத்து டூப்ளிகேட் பண்ணிகினு வந்துகீறா!"

"டூப்ளிகேட் உங்க கால்ல கீதுக்கா. அது பட்டு இல்ல, அச்சடிச்சது. ஈரக்கையால தேச்சுப் பாருங்க. நான் நெய்ததை நானே காப்பியடிச்சேனா?"

ஸ்வர்ணலதா தேய்த்துப் பார்த்தாள். புளியம்பூ மஞ்சளாக விரலில் ஒட்டியது. சந்திரமோகன் முகம் சுண்டிப்போனது. "கழட்டிப் போடு. இல்லைன்னா இனிமே பாவு கெடயாது" என்றான்.

"இது என் பார்டருன்னு நீங்க சொல்லுங்க மாமா, கழட்டுறேன்."

அவன் சொல்லவில்லை. அவளும் கழற்றவில்லை. ஐப்பசி முழுக்க அவள் தறி வெறும் மரமாக நின்றது. கணவன் குமரேசன் விசைத்தறிக்குக் கூலிக்குப் போனான், ஒரு நாளும் அவளைக் குறை சொல்லவில்லை. சூர்யகலா காலியான தறிக்குழியைப் பெருக்கிவிட்டு, அதே செருப்பில் ரேஷன் கடைக்குப் போனாள், வந்தாள். திருடியவனுக்குப் பேர், நெய்தவளுக்குப் பட்டினி, இதை எந்த ஊரில் நியாயம் என்பார்கள்?

கார்த்திகை அடைமழையில் ஸ்வர்ணலதாவின் கம்பெனிச் செருப்பு சேற்றில் ஊறி வாயைப் பிளந்தது. பையில் ஒரு ஜோடி ரெக்சின் செருப்போடு, அதிலும் புளியம்பூ ஒட்டித் தரச் சொல்லி அவள் வந்து நின்றாள். சூர்யகலா பசையை எடுக்காமல் வாசலைக் காட்டினாள்.

"இது யார் பார்டருன்னு அங்க நின்னு சொல்லுங்கக்கா."

ஸ்வர்ணலதா முணுமுணுத்தாள்.

"தெருவுக்குக் கேக்கல."

இரண்டாம் தடவை சொன்னது எதிர்வீட்டு மாடிவரை கேட்டது. மறுநாள் சந்திரமோகன் பாவு நூலைக் கொண்டுவந்து அவள் தறியருகே வைத்துவிட்டுப் போனான்.

சென்னைக் கம்பெனி இன்னும் தன் பெயரில்தான் புளியம்பூவை விற்கிறது, அந்த அயோக்கியத்தனம் தீரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் ஓரகத்திகள் இருவரும் தரையில் படாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறார்கள். வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கும் கெங்கம்மாள் அந்த இரண்டு ஜோடிக்கு மட்டும், மிதந்து போகாமலிருக்க, மேலே ஒரு செங்கல் வைக்கிறாள். செங்கல்லுக்குத் தனியாகக் காசு கேட்பதில்லை.