மாயவரத்தில் வசிக்காத பெண்

'விண்ணப்பதாரர் இந்த முகவரியில் வசிக்கவில்லை' என்று மாயவரம் போலீஸ் எழுதி அனுப்பிவிட்டது. அவர்கள் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. நான் பிறந்தது, படித்தது, இந்த இருபத்தெட்டு வயது வரை இருந்தது எல்லாம் கல்கத்தா லேக் கார்டன்ஸில், ஒரே வாடகை வீட்டில்.

நியூசிலாந்தில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை கிடைத்திருந்தது. வேலை விசா வேண்டுமென்றால், என் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று நம் ஊர் போலீஸ் சான்று தர வேண்டும். ஜூன் முடிவதற்குள் அது வராவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். அறிக்கை வந்தபோது ஏப்ரல் கடைசி.

எல்லாம் என் அப்பா சுந்தரேசனின் கைங்கரியம். துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து, ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் போன வாரம் மாற்றலாகி வந்தவர் போலத்தான் பேசுவார். ஆதார், ஓட்டு, பாஸ்போர்ட், யாருடையதானாலும் மாயவரத்துத் தாத்தா வீட்டு முகவரிதான். அந்த வீட்டை விற்று மூன்று வருஷமாகிறது. இப்போது அது டயர் கிடங்கு.

"வித்தப்பவே மாத்தியிருக்கலாமேப்பா?"

"சொந்த ஊர யாராவது மாத்துவாளா? நாம இங்க டெம்பரரிதானே."

அந்த டெம்பரரி என் பிராணனை வாங்கியது. பாஸ்போர்ட்டில் மாற்ற வேண்டுமா, முதலில் ஆதாரை மாற்று என்றார்கள். ஆதாரை மாற்றப் போனால் வாடகை ஒப்பந்தம் எங்கே என்றார்கள். டெம்பரரி ஆசாமிகள் எந்தக் காலத்தில் ஒப்பந்தம் போட்டார்கள்? வீட்டுக்காரி தத்தா மாஷிமாவை முட்டிவலியோடு டாக்சியில் ஏற்றி, அலிப்பூர் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துப்போய் ஒப்பந்தத்தைப் பதிவு செய்தேன். எந்த ஜன்னலுக்குப் போனாலும் ஒரு தாள் குறைந்தது. எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

ஒருவழியாக ஜூன் கடைசி வாரம் எங்கள் பேட்டை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் விசாரிக்க வந்தார். இந்தப் பெண்ணை எத்தனை நாளாகத் தெரியும் என்று மாஷிமாவைக் கேட்டார். "பிறந்ததே இங்கேதானப்பா, நான்தான் முதலில் தூக்கினேன்" என்று வங்காளியில் அதட்டினாள் மாஷிமா. அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

சான்றிதழ் ஜூலை நான்காம் தேதி வந்தது. வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாக மெயில் முதல் தேதியே வந்திருந்தது. அப்பா அதை இரண்டு தடவை படித்தார். எனக்கு அவரோடு பேசப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை என் முன்னால் ஒரு விண்ணப்பத்தை வைத்தார். தன் ஓட்டைக் கல்கத்தாவுக்கு மாற்றும் விண்ணப்பம்.

"அடுத்த தடவ என்னால ஒனக்கு ஒரு சிரமமும் வரப்படாது. சரியா எழுதியிருக்கேனா பாரு."

இப்போது எதற்கு இது என்று கத்த வாயெடுத்தேன். தாளைப் பார்த்தேன். வீட்டு எண், தெரு, லேக் கார்டன்ஸ் எல்லாம் முத்து முத்தாக எழுதியிருந்தார். பின்கோடு மட்டும் மாயவரத்துடையது.

பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு நானே திருத்தினேன். கோபத்தில்தான்.