சாயங்கால மாத்திரை

என் வீட்டுக்காரர் குணபாலனுக்கு ஒரு விஷயம் பிடித்துவிட்டால் போதும், ஊருக்கே அது பிடித்தாக வேண்டும். கூட்டுறவு வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற முதல் வருஷம் வெந்தயம். அடுத்த வருஷம் வெறுங்காலோடு நடப்பது. 2003இல் டீ.

காலையில் செங்கம் ரோட்டில் நடக்கப் போவார். ஆசிரமத்துப் பக்கம், எண்பதை நெருங்கும் ஒரு வெள்ளைக்காரர் மலை சுற்றிவிட்டு வந்து, மூச்சுகூட வாங்காமல் உட்கார்ந்து டீ குடித்தாராம். அதே வாரம் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில், டீ இதயத்துக்கு நல்லது என்று அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான், மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. பால்காரரிடம் சொன்னார், எதிர்வீட்டு ஜோதியம்மாளிடம் சொன்னார், கடைசியில் என்னிடம் வந்தார்.

நான் அப்போது ரத்தமில்லாமல் கிடந்தேன். கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. துணி துவைத்தால் கண் இருட்டும், மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கட்டியை எடுத்துவிடலாம், ஆனால் ரத்தம் பத்துக்கு வந்தால்தான் கத்தி வைப்பேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எனக்கு ஏழரைதான் இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

எனக்கு ஏது ராத்திரிச் சாப்பாடு? நாங்கள் ஜைனர்கள். எங்கள் பெரியவர்களைப் போல நானும் பொழுது சாய்ந்தபின் வாயில் தண்ணீர்கூட வைப்பதில்லை. இதை டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது. பீட்ரூட் சாப்பிடு என்பார்கள், கிழங்கு வகை தொடமாட்டோம் என்பேன். அத்திப்பழத்தைத் தேனில் ஊறவைத்துச் சாப்பிடு என்பார்கள். எங்களுக்கு அத்தியும் ஆகாது, தேனும் ஆகாது. அப்புறம் என்னதான் சாப்பிடுவீங்க என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே தலையாட்டிவிட்டு வந்தேன்.

"ராத்திரி மாத்திரைய சாயங்காலமே போட்டுக்கோயேன். நான் டீ போட்டுத் தரேன். டீ ரத்தத்துக்கும் நல்லதுதான்," என்றார் இவர்.

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அடுப்பை எந்தப் பக்கம் திருகிப் பற்றவைப்பது என்று கேட்காதவர். முதல் நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. இரண்டாம் நாள் வடிகட்ட மறந்தார். ஒரு வாரத்தில் கை தேறிவிட்டது. நாங்கள் இஞ்சி சேர்ப்பதில்லை என்பதால் ஏலக்காயைத் தட்டிப்போட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டு, செக்கச்செவேல் என்று கொண்டுவருவார். ஒரு கையில் தம்ளர், இன்னொரு கையில் மாத்திரை. நான் விழுங்குகிற வரை எதிரில் நிற்பார். பொய் சொல்வானேன், அந்த நேரத்துக்காக நான் காத்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பரிசோதித்தார்கள். ஏழரையிலேயே நின்றது. "டிகாஷன் பத்தலை போல," என்று இவர் தூளைக் கூட்டினார். அடுத்த மாதம் பௌர்ணமிக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காது என்று ஒரு நாள் தள்ளிப் போனோம். ஏழு.

டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. "இப்படியே போனா நான் கை வைக்க முடியாதும்மா. சென்னைக்கு எழுதித் தரேன். மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

இவர் முந்திக்கொண்டார். "ஒரு நாள்கூட விடலைங்க. நானே டீ போட்டுக் குடுத்து, டீயோடவே போட வைக்கிறேன்."

"டீயோடவா?"

"ஆமாங்க. நல்லா ஸ்ட்ராங்கா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சார், டீ நல்லதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா இரும்புச் சத்தை அது புடிச்சிக்கும், உடம்புல சேர விடாது. போக்கு வேற இவ்ளோ ஜாஸ்தி. சேர்றது கம்மி, போறது ஜாஸ்தின்னா எப்படி ஏறும்? மதியம் சாப்பிட்டு எலுமிச்சம்பழ ஜூஸோட போடுங்க. டீக்கும் மாத்திரைக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாவது இருக்கணும்." போக்கை நிறுத்த வேறொரு மாத்திரையும் எழுதினார். சென்னைக்கு முன்னால் இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்.

ஆட்டோவில் இவர் பேசவே இல்லை. பேசாத குணபாலனை நான் பார்த்ததே கிடையாது.

மறுநாளிலிருந்து மதியம் மாத்திரை, எலுமிச்சம்பழம். எல்லாம் நானே எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் சமையலறைப் பக்கம் இவர் எட்டிப்பார்க்கவில்லை. பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குக் கோபமாக வந்தது. டீயைத்தானே டாக்டரம்மா குறை சொன்னார், இந்த மனிதரையா சொன்னார்?

அடுத்த பரிசோதனையில் ஒன்பதரை. இன்னும் இரண்டு வாரம் போனால் இங்கேயே ஆபரேஷன் செய்துவிடலாம் என்று தேதி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, இவராக எழுந்து போவார் என்று பார்த்தேன். போகவில்லை.

"ஏங்க, டீ போடுங்க," என்றேன்.

"வேணாம் ராஜமதி."

"மாத்திரை மதியமே போட்டாச்சு. இப்ப குடிச்சா ஒண்ணும் ஆவாது."

பேப்பரை மடித்தார். "ரெண்டு மாசம் என் கையால குடுத்து உன் ரத்தத்தக் கொறச்சிருக்கேன். அதுல உனக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"ஆயிருந்தா, என் புருஷன் எனக்கு ரெண்டு மாசம் டீ போட்டுக் குடுத்தாருன்னு நெனச்சிக்கினே போயிருப்பேன். அதுக்கு முன்னாடி போயிருந்தா, அதுகூட இல்லாம போயிருப்பேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார்.