குறுக்குக் காற்று

பெல்கிரேடில் அந்த ஜூலை வெயில் தார்ச்சாலையையே இளக்கிக்கொண்டிருந்தது. நெருக்கியடித்த தெரு ஒன்றில் ஸொரானா வடிவமைத்த அலுவலகக் கட்டடத்துக்கு அதுதான் முதல் கோடை. ஏசி கிடையாது. ஒவ்வொரு சன்னலுக்கு மேலும் ஒரு நீளமான காற்றுத்துளை. தெருப்பக்கமிருந்து நுழையும் காற்று அறையைக் கடந்து, கதவு வழியாக நடுமுற்றத்துக்குப் போய் மேலே ஏறிவிடும். வரைபடத்தில் அந்த அம்புக்குறிகளைப் போட்டவள் அவள்தான். ஆனால் உள்ளே சூளையாகக் கொதிப்பதாகப் புகார். இன்று கட்டடத்தின் முதலாளி க்வோஸ்தென் நேரில் வருகிறார். புகார் உண்மையென்றால் துளைகளை அடைத்து முகப்பெங்கும் ஏசிப் பெட்டிகளை மாட்டிவிடுவார். அதற்குப் பிறகு இந்த நகரத்தில் அவளை நம்பி யாரும் கட்டடம் தர மாட்டார்கள்.

அவருக்கு முன்பே வந்துவிட்டாள். கணக்குப் பிரிவில் மிலுங்கா கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வியர்த்து வழிந்தாள். தலைக்கு மேலிருந்த துளையில் அட்டை செருகி டேப் ஒட்டியிருந்தது.

“இதை யாரு அடைச்சது, அக்கா?”

“யாரு அடைக்கலன்னு கேளு. எல்லா மாடியிலயும் இதே கதைதான். குறுக்குக் காத்து கழுத்தைப் பிடிச்சா ஆளையே முடக்கிடும், கண்ணு. உங்கம்மா சொல்லலியா?”

“அதெல்லாம் வெறும் பேச்சு, அக்கா.”

“அப்படியா? சரி, அட்டையை எடுத்துடறேன். என் நாற்காலியில நீ உக்காரு.”

உட்கார்ந்தாள். மிலுங்கா அட்டையை உருவியதும் காற்று வந்தது. அவள் கணக்கிட்ட அதே வேகத்தில், ஈரமான பிடரியில் சில்லென்று. அறை மெல்லக் குளிர்வது தெரிந்தது. கூடவே, ஒரு சன்னல் திறந்தால் குறுக்குக் காற்றுக்குப் பயந்து எதிர்ச்சன்னலை ஓடிப்போய்ச் சாத்தும் அம்மாவின் காலடியும் நினைவில் கேட்டது. அவள் கை தானாகச் சட்டைக் காலரை இழுத்துவிட்டது.

மிலுங்கா பார்த்துவிட்டாள். “என்ன, வெறும் பேச்சு கழுத்துல ஏறுதா?”

அதற்குள் க்வோஸ்தென் வந்து எதிரே அமர்ந்தார். “பரவாயில்லையே, ஆர்க்கிடெக்ட் அம்மா. குளுகுளுன்னுதான் இருக்கு.”

அவள் பிடரி விறைத்தது. எழுந்தால் தோற்றாள். உட்கார்ந்திருந்தால், அம்மா சொல்லிப் பயமுறுத்திய நோயெல்லாம் வரும்.

க்வோஸ்தென் காபி கேட்டார். பேசினார். பேச்சின் நடுவில் எழுந்தார், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கதவைச் சாத்தினார். “முதுகுல அடிக்குது,” என்றார். மறுபடி உட்கார்ந்தார்.

காற்று நின்றது. சிறிது நேரத்தில் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“பாத்தீங்களா, மறுபடி புழுங்குது. இந்தத் துளை வேலைக்கு ஆகாதும்மா.”

கதவைத் திறந்தால் போதும். காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஸொரானா கதவைப் பார்த்தாள். பிடரி இளகி, இதமாகச் சூடேறிக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

மிலுங்கா தன் கழுத்துத் துணியை அவிழ்த்து ஸொரானாவின் மடியில் வைத்தாள்.