கெட் வகுப்பில் ஒரு ஜோடி

ஃபோர்மேனோடு ஜோடி சேர யார் வருகிறீர்கள் என்று டீச்சர் கேட்டதும், கேன்டீன் ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது. குனிந்த தலை ஒன்றும் நிமிரவில்லை.

இரும்பை உருக்கி வார்க்கிற ஆலை அது. பகல் ஷிஃப்ட் முடிந்ததும் முகத்துக் கரியைக் கழுவிவிட்டு, வாரத்தில் சில நாள் அங்கே வந்து இங்கிலீஷ் படித்தார்கள். கம்பெனியே நடத்துகிற வகுப்பு. பாஸானால் மேல் வேலை உண்டு. ஃபோர்மேன் பாஸானால் மெயின் ஆபீஸில் மேனேஜர் நாற்காலி. வார்ப்பின் ஓரப் பிசிறை அரத்தால் ராவுகிற பெண்கள் பாஸானால் ஸ்டோரில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கலாம். பரீட்சையில் எழுத்து கிடையாது, பேச்சு மட்டும். ஜோடி ஜோடியாகப் போய், வெளியிலிருந்து வருகிற பரிசோதகர் அம்மா முன்னால் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். கூட வந்தவர் பேச்சை எடுத்துக் கொடுக்காவிட்டால் அந்தரத்தில் தொங்க வேண்டியதுதான்.

"நான் சேர்ந்துக்கறேன் டீச்சர்" என்று ஒரு கை எழுந்தது.

அக்காக்காரியின் கை. பிசிறு ராவுகிற அவளுக்கு ஆலையில் அதுதான் பெயர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பம்பரம் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். ஓரிடத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றி வம்பளப்பதால் இவள் பம்பரம்.

"அடிப்பாவி, நாம ரெண்டு பேருந்தானே ஜோடி? என்னை நட்டாத்துல விட்டுட்டு அந்த ஆளு கூடவா போற? உன் தம்பியை நினைச்சுப் பாத்தியாடி?"

"நினைச்சுத்தான் தூக்கினேன். கிள்ளாத, விடு."

தம்பிக்கு இடது கண் இல்லை. உருகின இரும்பை ஏந்துகிற பெரிய வாளிக்கு லேடில் என்று பெயர். அதன் உள்பக்கம் களிமண் பூசி, தீயில் வாட்டி, ஈரம் துளிகூட இல்லாமல் காய்ந்த பிறகுதான் இரும்பைப் பிடிக்க வேண்டும். ஈரத்தில் பட்டால் இரும்பு வெடிக்கும். ஆலையில் கூட்டிப் பெருக்குகிறவளுக்கும் இது தெரியும். அன்றைக்கு ஃபோர்மேனுக்கு அவசரம். "காய்ஞ்ச வரைக்கும் போதும், பிடிடா" என்றான். தம்பி பிடித்தான். சிதறிய இரும்பு அவன் முகத்துக்கு வந்தது.

அதைக்கூட அவள் ஒருவேளை விபத்து என்று விட்டிருப்பாள். விட முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. விசாரிக்க வந்த பெரிய ஆபீசருக்கு இங்கிலீஷ் தவிர வேறு பாஷை தெரியாது. தம்பிக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. நடுவில் ஃபோர்மேன் நின்று பேசினான். முகத்தில் கட்டோடு நின்றவனின் தோளில் கை போட்டு, "உனக்கு நல்லதாத்தான் சொல்லியிருக்கேன், ஆமான்னு தலையாட்டுடா" என்றான். அவனும் ஆட்டினான். காயாத லேடிலைத் தானே அவசரப்பட்டு எடுத்ததாகத்தான் அவன் தலையாட்டியிருக்கிறான் என்பது, வேலை போன பிறகு, ஆபீஸில் டைப் அடிக்கிற பெண் சொல்லித் தெரிந்தது. அக்காக்காரி இங்கிலீஷ் வகுப்பில் பெயர் கொடுத்தது அந்த வாரத்தில்தான்.

டீச்சர் நல்ல மனுஷி. இலக்கணம் என்று கழுத்தை அறுக்க மாட்டாள். ஒரே ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு அதை வைத்தே மாசக்கணக்கில் ஓட்டினாள். 'கெட்'. போர்டின் நடுவில் அதை எழுதி, வாலாக ஒவ்வொரு சின்னச் சொல்லையும் ஒட்டிக்கொண்டே போனாள். கெட் அப் என்றால் எழுந்திரு. கெட் இன் என்றால் உள்ளே ஏறு. கெட் ஓவர் என்றால் மனசில் கிடப்பதைக் கடந்து வா. வால் மாறினால் ஆளே மாறிப்போகிறான்.

"பேரிலேயே கெட்டது இருக்கே டீச்சர், விளங்குமா?" என்றாள் பம்பரம்.

"நம்மகிட்ட மட்டும் இல்லையா? அடிங்கற ஒரு சொல்லை வச்சுக்கிட்டு நாம என்ன பாடு படுத்தறோம். போன் அடிக்கறோம், பெயின்ட் அடிக்கறோம், ஜோக் அடிக்கறோம். வெயில் அடிக்குது, நாத்தம் அடிக்குது, ஒருத்தனுக்கு லக் அடிக்குது. இதுல யாரையாவது அடிச்சோமா?"

"என் வீட்டுக்காரர் தண்ணி அடிச்சா கண்டிப்பா யாரையாவது அடிப்பார் டீச்சர்."

ஹால் முழுக்கச் சிரித்தது. ஃபோர்மேனும் சிரித்தான். அக்காக்காரி போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே டீச்சர் புதிதாக ஒன்றை எழுதியிருந்தாள். கெட் அவே வித்.

"தப்பு பண்ணிட்டு, அதுக்கான அடி வாங்காம நழுவிப் போறது" என்றாள் டீச்சர். "உதாரணம் யாராவது சொல்லுங்க."

அக்காக்காரியிடம் உதாரணம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜோடி சேர்ந்த பிறகு சாப்பாட்டு நேரங்களில் இருவரும் கேன்டீன் மூலையில் பேசிப் பழகினார்கள். ஃபோர்மேனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆபீசர்கள் காலைச் சுற்றிச் சுற்றிப் பொறுக்கிய இங்கிலீஷ். பாடம் பண்ணியதை ஒப்பிப்பான், எதிர்பாராத கேள்வி வந்தால் திக்குவான். அவள் அவனுக்கு வசனம் வசனமாக எழுதிக் கொடுத்தாள். ஐ கெட் அப் ஏர்லி. ஐ கெட் டு ஒர்க் ஆன் டைம். ஐ கெட் அலாங் வித் மை ஒர்க்கர்ஸ். சீக்கிரம் எழுகிறேன், நேரத்துக்கு வேலைக்கு வருகிறேன், என் தொழிலாளிகளோடு ஒத்துப் போகிறேன். கடைசி வசனத்தை அவன் நெஞ்சில் கை வைத்துச் சொல்வான். தப்பாகச் சொன்னால் திருத்துவாள். அலுக்காமல் மறுபடி சொல்ல வைப்பாள். கைக்குழந்தையை நடக்கப் பழக்குவதுபோல, விழாமல், அடிபடாமல், தன் விரலைப் பிடித்தே நடக்க அவனைப் பழக்கினாள். அவள் கேள்வி வந்தால்தான் அவன் வாய் திறக்கும் என்கிற அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

ஒருநாள் டீ டம்ளரை உருட்டிக்கொண்டே அவன் கேட்டான்:

"ஏம் தங்கச்சி, தம்பி விஷயத்துல உனக்கு என் மேல ஒண்ணும் வருத்தம் இல்லையே?"

தங்கச்சி. நேற்று வரைக்கும் 'ஏய்'.

"அதெல்லாம் கெட் ஓவர் ஆயாச்சு சார்."

அவன் மேஜையைத் தட்டிச் சிரித்தான். "பாத்தியா, வால் எல்லாம் கரெக்டாப் போடறியே! நான் மேல போனதும் ஸ்டோர் நாற்காலி உனக்குத்தான். நான் சொன்னா நடக்கும்."

"உங்க புண்ணியம் சார்" என்றாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் துணி துவைத்தவள், ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப அடித்துக் கழுத்துப்பட்டையைக் கிழித்துவிட்டாள்.

பரீட்சை ஆபீஸ் அறையில் நடந்தது. பரிசோதகர் அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சிரித்தாள். ஓரமாக, தம்பியை விசாரித்த அதே பெரிய ஆபீசர். கம்பெனி சார்பில் யாராவது உட்கார வேண்டுமாம். அவர் இருப்பார் என்று டைப்பிஸ்ட் பெண் முன்பே சொல்லியிருந்தாள். ஃபோர்மேன் சலவைச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வழிய வந்திருந்தான்.

ஆரம்பம் தண்ணீர் பட்ட பாடாகப் போனது. அவள் கேட்டாள், அவன் சொன்னான். சீக்கிரம் எழுந்தான், நேரத்துக்கு வந்தான். பரிசோதகர் அம்மா தலையசைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் நெஞ்சில் கை வைத்து, "ஐ கெட் அலாங் வித் மை ஒர்க்கர்ஸ்" என்றான். இதற்கு அவள் நன்றி சொல்லி முடிக்க வேண்டும். அப்படித்தான் பழகியிருந்தார்கள்.

"எஸ் சார். மை பிரதர் வாஸ் யுவர் ஒர்க்கர்" என்றாள் அக்காக்காரி.

அவன் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"டிட் யூ கெட் தி லேடில் டிரை, சார்?" லேடிலைக் காயவைத்தீர்களா என்று கேட்டாள். குரல் உயரவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல்.

ஃபோர்மேன் அவளைப் பார்த்தான். பிறகு ஆபீசரைப் பார்த்தான். ஆமாம் என்றால், காய்ந்த லேடில் எப்படி வெடித்தது என்று வரும். இல்லை என்றால் கதையே முடிந்தது. அவன் பாடம் பண்ணிய வசனங்களில் இதற்குப் பதில் இல்லை. அவள்தானே எழுதிக் கொடுத்தவள்.

"டேக் யுவர் டைம்" என்றாள் பரிசோதகர் அம்மா அன்பாக. நிதானமாகச் சொல்லுங்கள் என்கிறாள் பாவம்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. எண்ணெயோடு வியர்வை கலந்து காதோரம் இறங்கியது. அக்காக்காரி காத்திருந்தாள். கண் போனவன் ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கக் காத்திருந்ததை நினைத்துக்கொண்டாள். அவசரமே இல்லை.

"ஹௌ டிட் யூ கெட் அவே வித் இட், சார்?"

எப்படித் தப்பித்தீர்கள். பரிசோதகர் அம்மா, "வெரி குட்" என்று இவள் பக்கம் பார்த்துச் சொன்னாள். வால் சரியாக ஒட்டியிருந்தது அவளுக்குச் சந்தோஷம். பெரிய ஆபீசர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். புரிந்ததோ, புரிந்தும் புரியாததுபோல இருந்தாரோ, எதுவும் கேட்கவில்லை. விசாரணை ஒன்றும் மறுபடி திறக்கவில்லை. அதை அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

"ஐ... கெட் அப் ஏர்லி" என்றான் ஃபோர்மேன், பேயறைந்தவன்போல. அதோடு நேரம் முடிந்தது.

அவள் பாஸ். அவன் ஃபெயில். மேனேஜர் நாற்காலிக்கு வெளியிலிருந்து வேறு ஆளைப் போட்டார்கள்.

ஆலைக்குள் சேதி பரவியதும் பம்பரம் பிடித்துக்கொண்டாள். அவளும் வேறொருத்தியோடு போய்ப் பாஸாகியிருந்தாள், ஆனால் ஸ்டோரில் இடம் ஒன்றுதான்.

"உனக்கு மூளை இருக்காடி? போற சனியன் தானா மெயின் ஆபீசுக்குப் போயிருக்கும். அதைக் காலைப் பிடிச்சு இழுத்து எங்க தலையிலேயே கட்டிட்டியே! ரிட்டயர் ஆகற வரைக்கும் அவன் மூஞ்சியிலதான் முழிக்கணும் நாங்க. நீ ஜம்முன்னு ஸ்டோர்ல போய் உக்காந்துக்குவ!"

"போகல."

"என்னது?"

"ஸ்டோருக்குப் போகல. வேணாம்னு சொல்லிட்டேன். நீ போ."

பம்பரம் முதல்முறையாகச் சுற்றாமல் நின்றாள்.

வீட்டில் தம்பி ரேடியோவை அணைத்துவிட்டு, நல்ல கண் இருக்கிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"நாற்காலியை எதுக்கு விட்ட?"

"ஸ்டோர்ல இருந்து பாத்தா லாரிதான் தெரியும்."

"அக்கா, எனக்காகன்னு மட்டும் சொல்லாத. நான் கேக்கல இதை. அவன் ஃபெயிலானா எனக்குக் கண்ணு வந்துடுமா?"

"உனக்காகன்னு யாருடா சொன்னா? இது எனக்கு."

"உன் கையைப் பாரு, அரம் பிடிச்சுப் பிடிச்சு எப்படி இருக்குன்னு. ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கலாம்."

"சாப்பிடுறியா இல்லையா?"

அவன் சாப்பிடவில்லை. அவள் சாப்பிட்டாள். வெகுநாளுக்குப் பிறகு வயிறார.

மறுநாள் பிசிறு ராவுகிற ஸ்டூலை இழுத்துக்கொண்டு போய், ஃபோர்மேனின் கண்ணாடி அறைக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு வார்ப்பையும் மடியில் கிடத்தி அரத்தால் ராவினாள். ராவும்போது கீழே பார்க்கவில்லை. கை அதுபாட்டுக்கு வேலை செய்தது, கண் கண்ணாடிக்குள் இருந்தது. அவளை வேறு பக்கம் மாற்ற அவனுக்கு அதிகாரம் இருந்தது. மாற்றினால் ஏன் என்று ஆபீஸில் கேட்பார்கள். அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தான். போன் பேசுவதுபோல எழுந்து நடந்து பார்த்தான். மத்தியானத்துக்குள் கண்ணாடி முழுக்க உள்பக்கமாகப் பழைய செய்தித்தாளை ஒட்டிவிட்டான்.

அக்காக்காரி எழுந்து, மடியில் கிடந்த இரும்புத் தூளைத் தட்டினாள். ஸ்டூலைத் தூக்கி அவன் அறை வாசலுக்கு நேராகப் போட்டுக்கொண்டாள். சாப்பிடவாவது அவன் வெளியே வந்துதானே ஆக வேண்டும்.