இருபத்தைந்தாவது மிஷின்

போட்டோ சாருக்கு மூளை இருக்கிறதா என்ற கேள்விக்கு அந்த அலுவலகத்தில் யாரும் விடை தேடியதில்லை. அவருக்கு ஒரு முகம் இருந்தது. அதைக் காட்ட ஒரு கேமரா கிடைத்துவிட்டால் மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும். கம்ப்யூட்டர் சோதனைக்கூடத்தின் தலைவர் அவர். வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையில் அவருடைய சமீபத்திய படம் மாட்டியிருந்தது. பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல ஒரு ஹார்ட் டிஸ்க்கை இரண்டு கையிலும் ஏந்தி, பல்லெல்லாம் தெரிய நின்றார். கீழே கொட்டை எழுத்தில், 'ஒரே ஆள், ஒரே நாள், நாற்பது கம்ப்யூட்டர்!'

இந்தப் படத்தைத் தாண்டித்தான் அவள் தினமும் உள்ளே போகவேண்டும். சோதனைக்கூடத்தில் கைவேலை முழுக்க அவளுடையது. போட்டோ சார் அவளுடைய அக்காவின் கணவர். வீட்டில் 'அத்தான்', அலுவலகத்தில் 'சார்'. உறவு தெரிந்தால் பாரபட்சம் என்று பேசுவார்கள் என்பதற்காக அவரே போட்ட சட்டம் அது. பாரபட்சம்! அவருடைய வேலையையும் சேர்த்து அவள் செய்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான் அவள் கண்ட பாரபட்சம்.

மூன்று வருடமாக அவள் ஒப்பந்த ஊழியர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பார்கள். நீட்டிக்கிற ஒவ்வொரு முறையும் அவளுடைய அடையாள அட்டை செத்துப்போகும், வாசல் கதவு கீச்சென்று கத்திவிட்டு மூடியே இருக்கும். பார்வையாளர் வரிசையில் நின்று சீட்டு வாங்கவேண்டும். தினமும் வணக்கம் சொல்கிற அதே காவலாளி, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டு எழுதுவார். அவர் என்ன செய்வார், படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது. அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு நிரந்தர வேலைக்கடிதம், இனிமேல் அந்த வரிசையில் நிற்கவேண்டாம் என்கிற ஒரு காகிதம்.

"மேல சொல்லியிருக்கேன்மா, ஃபைல் நகருது" என்பார் அத்தான். மூன்று வருடமாக நகர்கிற ஃபைல்.

பன்னிரண்டாவது நீட்டிப்பு அன்றைக்கு முடிகிறது. அன்றைக்கு மூன்று மணிக்குத்தான் வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து சோதனைக்கூடத்தைப் பார்வையிட வருகிறார்கள். நாற்பது மிஷினிலும் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டாயிற்று. ஆனால் நாற்பது திரையிலும் வலது கீழ்மூலையில் 'உரிமம் இயக்கப்படவில்லை' என்ற சாம்பல் எழுத்து அசையாமல் உட்கார்ந்திருந்தது. அது போகாமல் கூடத்தை ஏற்கமாட்டோம் என்று வருகிறவர்கள் முன்னமே எழுதியிருந்தார்கள்.

நிறுவனங்களுக்கான உரிமத்தை மிஷின் மிஷினாக உட்கார்ந்து இயக்கவேண்டியதில்லை. மூலையில் இருக்கிற ஒரு சர்வர் எல்லாவற்றுக்கும் வழங்கிவிடும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை, குறைந்தது இருபத்தைந்து வெவ்வேறு மிஷின்கள் வந்து கேட்கவேண்டும். அதுவரை ஒருவருக்கும் கிடையாது. நாற்பது மிஷின் கேட்டும் சர்வர் காட்டிய எண்ணிக்கை ஒன்று.

காரணம் அவளுக்கு முதல் பார்வையிலேயே தெரிந்தது. போட்டோ சார் ஒரு மிஷினில் சிஸ்டத்தைப் போட்டு, அந்த டிஸ்க்கை அப்படியே நாற்பதுக்கும் நகலெடுத்திருந்தார். ஒவ்வொரு மிஷினுக்கும் உள்ளே தனி அடையாள எண் ஒன்று உண்டு. நகலெடுக்கும் முன் மூலத்தில் அதை அழிக்காவிட்டால், நாற்பதும் ஒரே எண்ணோடு முழிக்கும். ஒரே ஆள் நாற்பது முறை வந்து கை நீட்டுகிறான் என்றுதான் சர்வர் நினைக்கும்.

நகலெடுப்பதற்கு முந்தின நாளே அவள் இதைச் சொன்னாள்.

"சார், நகல் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வரி கட்டளை குடுத்து அந்த எண்ணை அழிக்கணும்."

"இதெல்லாம் எனக்குப் பாடம் எடுக்காதம்மா. மெயில் போடு."

போட்டாள். கட்டளையையும் எழுதி, எங்கே கொடுக்கவேண்டும் என்பதையும் எழுதி அனுப்பினாள். 'பார்த்துக்கொள்கிறேன்' என்று பதில் வந்தது. மறுநாள் கேமராக்காரரோடு வந்து நாற்பதையும் நகலெடுத்தார்.

இப்போது உரிமம் விற்றவனைத் திட்டினார், கேபிளைத் திட்டினார், சர்வர் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மேலிடத்துக்கு ஒரு மெயில் அனுப்பினார். 'ஒப்பந்த ஊழியரின் கவனக்குறைவால் உரிமம் இயக்குவதில் தாமதம்.' எல்லா மெயிலுக்கும் ஒரு பிரதியைக் கூடத்துக் குழுவுக்கே அனுப்புவது அவர் வழக்கம், அனுப்பிவிட்டார். அவளுடைய திரையிலேயே வந்து விழுந்தது.

இந்த ஆளுக்கு ஒருத்தர் மேல் பழி போடக்கூட ஒழுங்காகத் தெரியவில்லையே என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஆனாலும் எழுந்து வேலையைத் தொடங்கினாள். ஒரு மிஷினில் உட்கார்ந்து, அந்த ஒரு வரியைத் தட்டி, மறுதொடக்கம் கொடுத்து, அடுத்ததுக்குப் போனாள். எண்ணிக்கை இரண்டானது, மூன்றானது. முதுகு வலித்தது. மதியம் இரண்டரை மணிக்குள் இருபத்துமூன்று மிஷின் முடிந்துவிட்டது. அந்த இருபத்துமூன்றுக்கும் இப்போது தனித்தனித் தலை. பழைய எண்ணோடு நின்ற பதினேழுக்கும் சேர்த்து ஒரு தலை. சர்வரில் இருபத்துநான்கு என்று வந்தது.

அங்கே நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"சார், இன்னும் ஒரே ஒரு மிஷின். அதை முடிச்சா நாப்பதுக்கும் உரிமம் வந்துடும்."

"அப்ப முடியேன்! இங்க என்ன நிக்கற?"

"முடிக்கறேன். அதுக்கு முன்னாடி ரெண்டு மெயில். காலைல போட்டது தப்புன்னு ஒண்ணு. என்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி எச்.ஆருக்கு ஒண்ணு."

"என்ன, மிரட்டறியா?"

"கேக்கறேன் சார். மூணு வருஷமா கேட்டதுதானே."

அவர் பதில் சொல்லும் முன் அவளுடைய போன் அடித்தது. அக்கா. மேசைக்கடியில் அத்தானின் கட்டைவிரல் ஏற்கெனவே அக்காவுக்குச் செய்தி தட்டியிருக்கிறது!

"என்னடி இது, அத்தானை நிக்க வச்சுக் கேள்வி கேக்கறியாமே? நம்ம வீட்டு மனுஷன்டி. கொஞ்சம் விட்டுக்குடுத்துப் போயேன்."

"அக்கா, அப்புறம் பேசறேன்."

அக்காவின் மேல் அவளுக்குப் பாசம் உண்டு. அதை வைத்துத்தான் மூன்று வருடம் இழுத்திருக்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

மணி இரண்டே முக்கால் ஆகியிருந்தது. போட்டோ சாருக்கு நெற்றியில் வியர்வை. "சரி சரி, அனுப்பறேன். ஏற்கெனவே எச்.ஆருக்கு உன்னைப் பத்தி எவ்வளவோ எழுதியிருக்கேன், அதுக்கே பதில் போட்டுடறேன்" என்று பெருமையாகச் சொல்லி, அவளுடைய பெயரைத் தட்டித் தேடினார். பழைய மெயில் ஒன்று திரை முழுக்க விரிந்தது. பந்தாவுக்காக வாங்கிய பெரிய திரை. மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெளிவாகப் படிக்க முடிந்தது.

'இவரை நிரந்தரமாக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டு ஆள்தான், எங்கும் போகமாட்டார். மூன்று மூன்று மாதமாக நீட்டித்தாலே போதும்.'

தேதியைப் பார்த்தாள். அவள் சேர்ந்த முதல் வருடம். அதற்கு மேல் அதே மாதிரி பதினொரு பதில்கள், 'முன்போலவே.'

அவர் அசடு வழியச் சிரித்தபடி அதை மூடினார். "அது அப்ப ஒரு சூழ்நிலைல எழுதினதும்மா..."

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஒரு கடிதத்துக்காக இந்த மனிதரிடமா இத்தனை காலம் கை கட்டி நின்றோம் என்ற வெட்கம்தான் வந்தது.

"மெயில் வேண்டாம் அத்தான்" என்றாள்.

அந்த அறையில் அந்தச் சொல் விழுவது அதுதான் முதல் முறை. அவர் நிமிர்ந்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். அவருக்கு அதுதான் கவலை.

"அப்ப அந்த ஒரு மிஷின்?"

"ஒரே நாள்ல நாப்பது போட்ட கை உங்களோடது. மிச்சம் ஒண்ணே ஒண்ணு, அந்தப் பதினேழுல எதுல வேணும்னாலும் ஒரு வரி தட்டிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. என் காண்ட்ராக்ட் இன்னையோட முடியுது."

அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தாள். தண்ணீர் பாட்டிலையும் குளிருக்குப் போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் பலகையிலிருந்த படம் அதே பல்லோடு சிரித்துக்கொண்டிருந்தது. காவலாளி கதவைத் திறந்துவிட்டார். வெளியே போவதற்கு அவர் எந்தக் கட்டத்தையும் நிரப்பவேண்டியிருக்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் நிழல் இல்லை. நாளைக்கு என்ன செய்வது என்ற பயம் அங்கே நின்றபோதுதான் வந்தது, நன்றாகவே வந்தது. ஆனாலும் திரும்பிப் போகக் கால் எழவில்லை.

மூன்றே காலுக்குப் போன் அடித்தது. அக்கா. குரல் தணிந்திருந்தது.

"ஏய், அவங்கல்லாம் வந்துட்டாங்களாம்டி. டீ குடிக்க உக்கார வச்சுட்டு அத்தான் பாத்ரூம்லேருந்து பேசறாரு. வேற யாரையும் கேட்டா மானம் போயிடுமாம். அந்த ஒரு வரி என்னன்னு உங்கிட்டக் கேக்கச் சொன்னாரு. பாவம்டி, சொல்லிடேன்."

அவள் பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"சொல்லிட்டேனே அக்கா. போன வாரம் நான் அவருக்குப் போட்ட மெயில்லயே இருக்கு. பார்த்துக்கறேன்னு பதில்கூடப் போட்டிருக்காரு. அதைத் திறந்து ஒரு தடவை படிக்கச் சொல்லு."